ஓட்டைக்குள் ஒரு பலம்!

குழந்தைகளே, ஒகேனக்கல்லுக்குப் போனால், கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி விட்டுப் பின்னியிருப்பார்கள். அதன்மேல் முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள். காவிரியில் பலரைச் சுமக்கும் அந்தப் பரிசலை, கரையேறியதும் பரிசல்காரர் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவார். கெட்டிப் பலகையில் செய்திருந்தால் முடியுமா?

பலம் மூங்கிலில் மட்டும் இல்லை, பின்னிய விதத்திலும் இருக்கிறது. சந்தேகமா? நோட்டுத் தாள் ஒன்றை இரண்டு டம்ளர்களின் மேல் பாலம்போல் வைத்து, நடுவில் ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். தாள் தொய்ந்து, நாணயம் விழுந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து வையுங்கள். நாணயம் நிற்கும்!

இந்த வித்தையை இன்று விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். ஒரு பொருளில் எங்கே எவ்வளவு பாரம் விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பாரம் விழாத இடத்தில் பொருளைக் குறைக்கும். மறுபடி கணக்கு, மறுபடி குறைப்பு. கடைசியில் மிஞ்சுவது ஒரு வலைப்பின்னல். உள்ளே குகை குகையாக இருப்பதால் அதை அச்சில் வார்ப்பது கடினம். த்ரீ-டி பிரிண்டர்தான் அடுக்கடுக்காக உருவாக்கும். 2021-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், அங்கே படித்தவர்கள் தொடங்கிய 'த்வஸ்தா' நிறுவனம் 600 சதுர அடி வீட்டையே இப்படிக் கட்டியது. முறுக்குப் பிழிவதுபோல் கான்கிரீட்டைப் பிழிந்த அந்தச் சுவர்களுக்கு உள்ளே வெற்றிடம் உண்டு!

உலோகம் என்றால், மெல்லிய தூளை ஓர் அடுக்கு பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் ஒளியால் உருக்கி ஒட்டவைப்பார்கள். பிறகு அடுத்த அடுக்கு.

இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க முடியாத தாத்தா, பாட்டிகளுக்கு டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த மூட்டைப் பொருத்துவது உண்டு. ஆனால் அது எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. பாரத்தை உலோகமே சுமந்துகொண்டால் பக்கத்து எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு மெலிந்துவிடும் (எலும்புக்கும் சோம்பல் ஆகாது!). பொருத்திய மூட்டு ஆட்டம் கண்டால் மறுபடியும் ஆபரேஷன்தான். பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மனி டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார்.

அதனால் இப்போது சில மூட்டுகளில், எலும்பைத் தொடும் பகுதியை டைட்டானிய வலையாக அச்சிடுகிறார்கள். உலோகம் அதேதான். கம்பியின் பருமனையும் இடைவெளியையும் மாற்றினால் விறைப்பு குறைகிறது. பொருத்திய சில மாதங்களில் நோயாளியின் எலும்பே அந்த ஓட்டைகளுக்குள் வளர்ந்து, மூட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது.