மன்னிப்பும் மறதியும் ஒன்றல்ல

ஜெனீவா ஏரியின் கீழ்க்கரையிலுள்ள மொந்திரே நகரிலிருந்து மலையேறும் பற்சக்கரப் புகையிரதம் கோ என்னும் சிற்றூரில் தரித்துச் செல்கின்றது. அங்கே 1902 இல் திறக்கப்பெற்ற பெரும் விடுதியொன்று ஏரியை நோக்கி நிற்கின்றது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்காலத்தில் யூத அகதிகள் தங்கவைக்கப்பட்ட ஊர் இது. அவ்விடுதியை 1946 இல் சுவிஸ் குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து வாங்கின. போரில் எதிரெதிரே நின்றோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பேச இடமொன்று வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். பிராங் புக்மன் என்ற அமெரிக்க லூத்தரன் போதகரின் அறநெறி இயக்கம் அதனை நடத்தியது.

1947 இல் அங்கு வந்தவர் ஐரீன் லோர். பிரான்சின் எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றியவர், சோசலிஸ்ட், அரசியலமைப்புச் சபை உறுப்பினராக இருந்தவர். அவருடைய மகன் ஜேர்மனிய இரகசியப் பொலிசாரின் சித்திரவதைக்கு உள்ளானவர். மண்டபத்தில் ஜேர்மனியரைக் கண்டதும் அவர் புறப்பட ஆயத்தமானார். ஜேர்மனியர் இல்லாத ஐரோப்பாவை எவ்வாறு ஒன்றாக்குவீர்கள் என்று புக்மன் வினவினார். அவ்வினா லோரின் உறக்கத்தைக் கெடுத்தது. ஹிட்லருக்கெதிரான சதியில் பங்குகொண்டு 1944 இல் தூக்கிலிடப்பட்ட ஆடம் வொன் றொட்டின் மனைவியோடு அமர்ந்து, தம் மனத்திலிருந்த யாவற்றையும் அவர் கொட்டினார். அப்பெண்மணியோ, ஜேர்மனியர் போதிய அளவு எதிர்த்து நிற்கவில்லை என்று கூறி மன்னிப்புக் கோரினார். அதன் பின்னரே லோர் மேடையேறித் தம் வெறுப்புக்காக ஜேர்மனியரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வரலாற்றைச் சொல்லி, "நீங்களும் மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று எமக்குப் புத்தி சொல்வோர் உளர். அவர்கள் நிகழ்வுகளின் ஒழுங்கைக் கவனிப்பதில்லை. 1945 ஒக்ரோபரிலேயே ஜேர்மனியத் திருச்சபைத் தலைவர்கள் ஸ்ருட்கார்ட்டில் தம் குற்றத்தை அறிக்கையிட்டிருந்தனர். 1946 ஒக்ரோபரில் நூரம்பேர்க் தீர்ப்பு வெளிவந்துவிட்டது. ஆகவே, லோர் பேசியபோது குற்றம் மறைக்கப்பட்டிருக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது தம் வெறுப்பையே, உண்மையை அன்று. தன்மீது மனத்தாங்கலுள்ள சகோதரனிடம் முதலிற் சென்று ஒப்புரவாகிய பின்னரே காணிக்கை செலுத்துமாறு மத்தேயு நற்செய்தி பணிக்கின்றது. அங்கும் முதலடி எடுத்துவைக்க வேண்டியவர், குறை யார்மீது உள்ளதோ அவரே.

எமது நிலை யாது? 2006 பெப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள பொசே மாளிகையிற் சந்தித்தனர். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கல்வி நிலையம் அது. எனினும் போரே மூண்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், அரச புள்ளிவிவரங்களையே முன்வைத்து, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று ஆணைக்குழுவிடம் வினவினார். அவர் 2021 இல் மறைந்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்பதும் அதே வினாவைத்தான். மகன் எங்கே என்று தெரியாத தாய் எதனை மன்னிப்பாள், யாரை மன்னிப்பாள்?

ஆயினும் லோரின் செயல் எம்மையும் நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றது. எதிரி திருந்தும்வரை காத்திராது தம் பக்கத்துப் பொறுப்பை அவர் ஏற்றார். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குச் சில மணிநேரமே வழங்கப்பட்டது. சொந்த மண்ணிழந்து அகதியாவது இன்னதென்று அறிந்த சமூகம், அவர்களிடம் தலைகுனிந்து பேசுவதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. அவ்வாறு பேசுவதால் எமது நீதிக் கோரிக்கை வலுவிழக்காது; அதற்கு அறத்தின் பலமே சேரும்.

மன்னிப்பு இழந்தவரின் உரிமை. அதனைக் கொடுக்குமாறு இழைத்தவர் கட்டளையிட முடியாது. உண்மையைச் சொல்வது இழைத்தவரின் கடன். அக்கடனைத் தீர்க்காமல் நல்லிணக்கம் பேசுவோர், கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு விருந்துக்கு அழைப்போரையே ஒப்பர்.