பூட்டியவனிடமே சாவி வாங்கலாமா? ரான்சம்வேர் அலர்ட்!

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சர்வர்கள் முடங்கின. ஓ.பி பதிவு, பில்லிங், லேப் ரிப்போர்ட் என எல்லாமே பேப்பர், பேனாவுக்குத் திரும்பின. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் டேட்டா என்கிரிப்ட் செய்யப்பட்டதாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. காரணம், ரான்சம்வேர்!

அது என்ன? உங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சு, பீரோவுக்கு அவனோட பூட்டைப் போட்டுட்டு, 'காசு கொடு, சாவி தர்றேன்'னு சொன்னா எப்படி இருக்கும்? அதேதான். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பே டேட்டாவை காப்பி எடுத்துக்கொண்டு, 'பணம் தரலைன்னா வெளியிடுவேன்' என்றும் மிரட்டுகிறார்கள்.

சரி, பணத்தைக் கொடுத்தால் பிரச்னை முடிந்துவிடுமா? 2021 மே மாதம், அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் மதிப்புள்ள 75 பிட்காயின்களைக் கொடுத்தது. ஆனால், கிடைத்த 'சாவி' ஆமை வேகத்தில் வேலை செய்ததால், கடைசியில் கைகொடுத்தது அவர்களுடைய சொந்த பேக்கப்தான். ஹேக்கர்கள் உள்ளே நுழைந்த வழி? பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என் கணக்கின் பாஸ்வேர்டு. ஓ.டி.பி மாதிரியான இரண்டாவது செக்கிங் அதற்கு இல்லை!

நிறுவனங்கள் என்ன செய்யணும்?

* பேக்கப்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஸ்டோரேஜ், ஒன்று வேறு இடத்தில். அதில் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு இணையாமல் இருக்கணும். இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.

* அப்டேட்: 2017 மே மாதம் உலகையே அலறவிட்ட வான்னாக்ரைக்கான பாதுகாப்பு அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

* லாகின்: இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை உடனே மூடணும்.

* நெட்வொர்க்: தனித்தனியாகப் பிரிச்சு வைக்கணும். ஒரு ரூமில் தீப்பிடித்தால் வீடே எரியக் கூடாது இல்லையா?

ஊழியரான உங்க பங்கு? 'இன்வாய்ஸ்', 'ரெஸ்யூம்' என்று வரும் அட்டாச்மென்ட்டை அவசரப்பட்டுத் திறக்காதீங்க. ஏதாவது தப்பா க்ளிக் பண்ணிட்டா, கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, உடனே ஐ.டி டீமிடம் சொல்லுங்க. திட்டு விழுமேன்னு மறைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஹேக்கருக்குத்தான் லாபம். நிறுவனமோ 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் தரணும்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம பேக்கப்பைக் கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தோம்?" பதில் வரலைன்னா, வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்!