திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் இரவு நேர மது விற்பனை அனுமதி

இரவு நேர மது விற்பனை அனுமதி என்பது ஒரு வட்டாரத்தில் மதுக்கடை எந்த இடத்தில், எத்தனை மணி வரை இயங்கலாம் என்று முடிவு செய்யும் நிர்வாக நடைமுறையாகும். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்படி கடையின் இடம், நேரம் இரண்டையும் உள்ளாட்சி மன்றமே ஒன்றாகப் பரிசீலிக்கிறது. தமிழ்நாட்டில் இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் முடிவாகின்றன. விற்பனை நேரத்தை மாநில அரசு விதிக்கிறது. கடை அமையும் இடம் மட்டுமே மாவட்ட அளவில் தீர்மானிக்கப்படுகிறது. இந்தப் பிரிவினையின் விளைவுகளைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் தெளிவாகக் காணலாம்.

சட்டப் பின்னணி

தமிழ்நாட்டில் மது தொடர்பான அனைத்துக்கும் அடிப்படை 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமே. மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே மது விற்கப்படுவது முரணாகத் தோன்றலாம். சட்டம் பொதுவாகத் தடை விதித்து, விதிவிலக்காக உரிமம் வழங்குகிறது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்), 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையையும் ஏற்றது. அதற்கு முன் தனியார் ஏலம் எடுத்துக் கடை நடத்தினர். அரசே விற்பனையாளரான பின், அனுமதி கேட்பதும் அரசு நிறுவனம், அனுமதி தருவதும் அரசு என்ற நிலை உருவானது.

2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளே இன்றும் இடத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்துகின்றன. முன்பு கடைகள் காலை 10 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்பட்டன. 2016 மே மாதம் மீண்டும் பதவியேற்ற முதலமைச்சர் ஜெயலலிதா, 500 கடைகளை மூடவும், திறப்பு நேரத்தைப் பகல் 12 மணியாக மாற்றவும் உத்தரவிட்டார். குறைக்கப்பட்டது காலை நேரமே. இரவு 10 மணி என்ற எல்லை அப்படியே நீடித்தது. கொரோனா காலத்தில் நேரம் தற்காலிகமாக மாற்றப்பட்டது. நட்சத்திர விடுதிகளுக்கும் மன்றங்களுக்கும் தனி வகை உரிமங்கள் உள்ளன. அவற்றை வழங்கும் அதிகாரம் மாவட்டத்திடம் இல்லை. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரிடம் உள்ளது.

‘தொழிற்பகுதி’ என்ற விலக்கு

விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம் அல்லது கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை அமைக்கக் கூடாது. ஆனால் நகர் ஊரமைப்புத் திட்டத்தில் ‘வணிகப் பகுதி’, ‘தொழிற்பகுதி’ என வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது.

தொழிற்பகுதியில் ஆலைகள் மட்டுமே இருக்கும், குடும்பங்கள் இருக்காது என்ற எண்ணமே இந்த விலக்கின் பின்னால் இருப்பதாகத் தெரிகிறது. கும்மிடிப்பூண்டியின் நிலை அப்படியல்ல. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட் வளாகத்தைச் சுற்றிப் புதுகும்மிடிப்பூண்டி, பெத்திக்குப்பம், சிறுபுழல்பேட்டை போன்ற ஊர்கள் உள்ளன. உள்ளூர்க் குடும்பங்களுடன், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் வாடகை அறைகளில் வசிக்கின்றனர். வரைபடத்தில் ஒரு நிலம் எந்த நிறத்தில் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் உள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்குப் பாதுகாப்பு உண்டு, மற்றதற்கு இல்லை என்றாகலாம்.

நெடுஞ்சாலைத் தீர்ப்பு

தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் க. பாலு தொடர்ந்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. 20,000 பேருக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளுக்கு இத்தூரம் 2017 மார்ச் 31 அன்று 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குறைப்பதே தீர்ப்பின் நோக்கம். ஆனால் சாலையோரக் கடைகளுக்கு மாற்றிடம் தேடியபோது அவை ஊர்களுக்குள் நகர்ந்தன. 2017 கோடையில் பல மாவட்டங்களில் பெண்கள் முன்னின்று போராடினர். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் நடந்த மறியல் நாடெங்கும் பேசப்பட்டது. சென்னை – திருப்பதி சாலையில் அமைந்த திருவள்ளூர், கொல்கத்தா சாலையில் அமைந்த கும்மிடிப்பூண்டி போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் மாற்றிடம் என்றாலே குடியிருப்பை நெருங்குவது என்றுதான் பொருள். நகராட்சி எல்லைகளுக்குத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் விளக்கமளித்தது.

மக்களின் எதிர்ப்புக்கு உள்ள இடம்

திருவள்ளூர் மாவட்டம் டாஸ்மாக் நிர்வாகத்தில் கிழக்கு, மேற்கு என இரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கடைக்கான இடத்தை நிறுவனத்தின் மாவட்ட மேலாளர் தேர்வு செய்கிறார். எதிர்ப்பு இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிக்கலாம். கடை வேண்டாம் எனக் கிராமசபை நிறைவேற்றும் தீர்மானத்தின் சட்ட வலிமை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வழக்குகள் நடந்துள்ளன. 2022இல் விதிகள் திருத்தப்பட்டு, எதிர்ப்புகளை ஆட்சியர் பரிசீலித்து முடிவெடுக்கும் நடைமுறை சேர்க்கப்பட்டது. ஆயினும் மனுவில் கேட்கக்கூடியது ‘இங்கே வேண்டாம்’ என்பது மட்டுமே. ‘இங்கே இரவு 8 மணியோடு மூடுங்கள்’ என்று கேட்டால், அந்த நேரத்தை மாற்றும் அதிகாரம் ஆட்சியரிடம் இல்லை.

பத்து மணிக்குப் பின்

பல ஆலைகளில் வேலை முறை காலை 6 முதல் 2, பிற்பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்ற மூன்று ஷிப்டுகளாக அமைகிறது. இரண்டாம் ஷிப்ட் முடிவதும் மதுக்கடை மூடுவதும் ஒரே நேரம். கடையிலிருந்து வெளியேறும் கூட்டமும், வேலைக்குப் போவோரும் திரும்புவோரும் ஒரே சாலையில் சந்திக்கின்றனர். அவர்களில் பெண் தொழிலாளர்களும் உண்டு. ஷிப்ட் முடிந்து வருபவருக்குக் கடை கிடையாது. அந்தத் தேவையைத்தான் ‘பிளாக்’ விற்பனை நிரப்புகிறது. பகலில் குவாட்டர் பாட்டில்களை மொத்தமாக வாங்கிப் பதுக்கி, இரவிலும் விடியற்காலையிலும் கூடுதல் விலைக்கு விற்பது தமிழகம் முழுவதும் அறிந்த வழக்கம். இது மதுவிலக்குச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். கடையை ஒட்டிய பார்களின் உரிமமும் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும் மட்டுமே. மது விற்க அல்ல.

நேரக் கட்டுப்பாடு பயனற்றது என்று இதனால் கொள்ள முடியாது. பிரேசிலின் சாவோ பாவ்லோ அருகிலுள்ள தொழில் நகரமான தியாதெமா, கொலைகள் பெரும்பாலும் இரவில் நடப்பதைக் கண்டு, 2002இல் இரவு 11 முதல் காலை 6 வரை மது விற்பனையைத் தடை செய்தது. மாதத்துக்குச் சுமார் 9 கொலைகள் குறைந்ததாகப் பின்னர் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அங்கே தடையை விதித்ததும் நகராட்சி, நடைமுறைப்படுத்தியதும் நகராட்சி. தன் ஊரின் குற்றப் பதிவுகளைப் பார்த்தே அது நேரத்தைத் தேர்ந்தெடுத்தது.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா வந்துவிடும். 2019 அக்டோபரில் ஆந்திர அரசு கடைகளைத் தானே ஏற்று நேரத்தைக் குறைத்தது. 2024 அக்டோபரில் மீண்டும் தனியாருக்கு உரிமம் வழங்கி, காலை 10 முதல் இரவு 10 வரை விற்க அனுமதித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கடை 10 மணிக்கே திறந்துவிட, இந்தப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்தவர் பகல் 12 மணி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்தின் நேர மாற்றம் மற்ற மாநிலத்தின் எல்லையோர விற்பனையைப் பாதிக்கும் என்றாலும், இரண்டு நேரங்களும் தனித்தனித் தலைநகரங்களிலேயே முடிவாகின்றன.