ரோட்டுக்கே வராத நிஸ்ஸான் ‘மிட்4’: அந்த கார் எங்கே போனது?

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களிடம் நிஸ்ஸான் என்று சொன்னால் மைக்ராவும் மேக்னைட்டும்தான் நினைவுக்கு வரும். ரெனோ-நிஸ்ஸான் கூட்டணி 2010 மார்ச்சில் இங்கே திறந்த ஆலை, ஆண்டுக்கு 4 லட்சம் கார்கள் வரை தயாரிக்கும் அளவுக்குப் பெரியது. இதே நிஸ்ஸான் 1980களில் ஃபெராரி, போர்ஷே ரகத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கி உலகத்துக்கே காட்டியது. ஆனால், ஒரு காரைக்கூட விற்கவில்லை. என்னதான் நடந்தது?

பெயரிலேயே இருக்கு விஷயம்

1985 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் அறிமுகமானது ‘மிட்4’. ஸ்கைலைன் கார்களால் புகழ்பெற்ற பொறியாளர் ஷினிச்சிரோ சகுராய் தலைமையில் உருவானது. ‘மிட்’ என்றால், இன்ஜின் டிரைவருக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் இருக்கும். எடை நடுவில் இருப்பதால் வளைவுகளில் கார் சட்டென்று திரும்பும். ‘4’ என்றால், இன்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின்சக்கரங்களும் லேசாகத் திரும்பும்.

முதல் காரில் 3 லிட்டர் வி6 இன்ஜின், சுமார் 230 குதிரைத்திறன். 1987 டோக்கியோ மோட்டார் ஷோவுக்கு வந்த ‘மிட்4-2’வில் இரண்டு டர்போக்கள் சேர்ந்தன, சக்தி சுமார் 330 ஆனது. ‘அடுத்து ஷோரூம்தான்’ என்று கார் பிரியர்கள் காத்திருந்தார்கள்.

ஏன் தயாரிக்கவில்லை?

ஒரே வார்த்தையில் சொன்னால், செலவு. ஷோவுக்கு ஒரு காரைக் கையால் செய்துவிடலாம். விற்பனைக்கு என்றால் பாடி பேனலுக்கு டை, வெல்டிங் லைன், விபத்துச் சோதனை, சர்வீஸ், உதிரிபாகம் எல்லாம் வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இதற்கெல்லாம் 400 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் கார்கள் விற்றால், ஒரு காருக்கு 10,000 ரூபாய்தான் விழும். 2,000 கார்கள்தான் விற்கும் என்றால், ஒரு காருக்கு 20 லட்சம்! நடுவில் இன்ஜின் வைத்த இரண்டு சீட் காரை எத்தனை பேர் வாங்குவார்கள்? நிஸ்ஸான் பின்வாங்கியது. இதே பாணியில் ஹோண்டா 1990இல் ‘என்எஸ்எக்ஸ்’ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உழைப்பு வீணா?

இல்லை. மிட்4-2வின் இரட்டை டர்போ வி6 இன்ஜின், 1989இல் வந்த 300இசட்எக்ஸ் காரில் இடம்பிடித்தது. நான்கு சக்கர இயக்கத்திலும் பின்சக்கர ஸ்டீயரிங்கிலும் கிடைத்த அனுபவம், அதே ஆண்டு வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்குக் கைகொடுத்தது. மிட்4 ஜப்பானில் நிஸ்ஸானின் பழைய கார் சேகரிப்பில் நிற்கிறது. அதில் முயன்று பார்த்த விஷயங்கள் வேறு பெயர்களில் ரோட்டில் ஓடின.

நம்ம ஊர் கதை

கான்செப்ட் எல்லாமே கைவிடப்படுவதும் இல்லை. 2014 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் நிஸ்ஸானின் டட்ஸன் பிராண்டு ‘ரெடி-கோ’ கான்செப்டைக் காட்டியது. இரண்டே ஆண்டுகளில், 2016இல், அது ஒரகடத்தில் தயாரான காராக ஷோரூமுக்கு வந்துவிட்டது. நிறைய பேர் வாங்கக்கூடிய விலையில் ஒரு சின்ன கார் என்பதால் கணக்கு ஒத்துவந்தது. ஆனால், அதுவும் நிலைக்கவில்லை. 2022இல் டட்ஸன் பிராண்டே இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

மாதக்கணக்கில் உழைத்த ப்ராஜெக்ட்டை ஒரே மீட்டிங்கில் மூடிவிட்டால் மனசு வலிக்கத்தான் செய்யும். இந்தத் தொழில் வட்டாரத்தில் டிசைன், டெஸ்டிங் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இது புதிதல்ல. ஆனால், ஃபைலை மூடும்போது அதில் கற்றதைப் பத்திரமாக எழுதிவைத்தால், அடுத்த காருக்கு அது உதவும். மிட்4 விஷயத்தில் நடந்தது அதுதான்.