எங்கள் வீட்டுச் செவலையும் எட்டு எழுத்துகளும்

குதிரை என்றதும் உங்களுக்கு ரேஸ் அல்லது சினிமா ஹீரோ ஞாபகம் வரலாம். கோபி பக்கத்துக்காரியான எனக்கு அந்தியூர்தான் ஞாபகம் வரும். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்குக் காங்கேயம் காளை, பர்கூர் மலை மாடுகளோடு, மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகளும் வரும். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் நாட்டியக் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம்.

2023 ஆடியில் அப்படி ஒரு செவலையை என் வீட்டுக்காரர் வாங்கி வந்துவிட்டார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று அவருக்குக் கணக்கு. முதல் ஊர்வலத்திலேயே மேளம் கேட்டதும் முன்னங்காலைத் தூக்கி நின்று, பிடித்திருந்த பையனைக் கீழே தள்ளிவிட்டது. நல்லவேளை, பெரிய அடி இல்லை. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே தலையை இழுத்துக் கட்டி, மேளம் அடிக்கும்போதெல்லாம் காலில் குச்சியால் தட்டித் தட்டி ஆட்டம் பழக்கியிருக்கிறார்கள். நாம் ஆட்டம் என்று கை தட்டியது, அந்த வாயில்லா ஜீவனின் பயம்!

"அடுத்த ஆடிக்கு அதே சந்தையில் தள்ளிவிட வேண்டியதுதான்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

அந்த செப்டம்பர் 26ந்தேதி, சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் குதிரையேற்றத்தில் நம் நாட்டுக்குத் தங்கம் கிடைத்தது. 1982 டெல்லிக்குப் பிறகு 41 வருஷம் கழித்துக் கிடைத்த தங்கம். சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வல்லா என்ற நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள். போட்டியின் பெயர் டிரெஸ்ஸாஜ். குதிரையை வேகமாக விரட்டுவதில்லை, தடை தாண்ட வைப்பதுமில்லை. சொன்ன இடத்தில் நடை, சொன்ன இடத்தில் ஓட்டம், வட்டம், நிற்றல் என்று அமைதியாகச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் அதை டி.வி.யில் பார்த்துவிட்டு, "அம்மா, செவலையை நான் பழக்குறேன்" என்றாள். கோவையில் என் தங்கை வீட்டருகே உள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளியில் இரண்டு கோடை விடுமுறை பழகியவள். அங்கே ஜூன் மாதம் சின்ன அளவில் இந்த டெஸ்ட் நடக்கும், வெளிக் குதிரைகளும் வரலாம் என்று அவளுக்குத் தெரியும்.

என் மாமியார் பிடித்துக்கொண்டார். "ஏனம்மிணி, பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் குதிரை? கையோ காலோ ஒடிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

மகள் அப்பத்தாவிடம் சண்டை போடவில்லை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் கதையைச் சொன்னாள். 1944ல், வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்து போனவர் அந்த அம்மாள். குதிரை மேல் ஏற்றிவிடவே ஆள் வேண்டும். பெண்களை முதன்முதலாக டிரெஸ்ஸாஜில் அனுமதித்த 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். 1956ல் மறுபடியும் வெள்ளி. என் மாமியார் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் குழந்தை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். நல்லபடி பிறந்தது என்றதும்தான் எழுந்து போனார். தலைக்கவசம் இல்லாமல் ஏறக்கூடாது என்பது மட்டும் என் கண்டிப்பு.

முதல் மூன்று வாரம் மகள் ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்துக் கூட நடப்பாள், நிற்பாள், அவ்வளவுதான். பிறகு நீளக் கயிற்றில் வட்டமாக ஓட விடுவாள். நமக்கு வலது கை பழக்கம்போல, குதிரைக்கும் ஒரு பக்கம் வளையும், மறு பக்கம் விறைக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் கூடாது, மூட்டுக்கு ஆகாது. ஏற ஆரம்பித்த பிறகும் ஒரே பாடம்தான்: சொன்னதைச் செய்த அந்த நொடியே கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும். அதுதான் குதிரைக்கு "சபாஷ்". தாமதமாகத் தளர்த்தினால் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது.

மேளப் பயத்தைப் போக்கும் வேலை எனக்கு. சாயங்காலம் செவலை வேகவைத்த கொள்ளு தின்னும்போது, கட்டுத்தறியிலிருந்து தூரத்தில் நின்று ஒரு எவர்சில்வர் தட்டை மெதுவாகத் தட்டுவேன். காதை விறைத்தால் நிறுத்திவிடுவேன். வாரத்துக்கு நாலு எட்டு கிட்டே வருவேன். தை முடிவதற்குள் பக்கத்திலேயே நின்று தட்டினாலும் வாயை எடுக்காமல் தின்றது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தீவனம் கொடுப்பதை வேறு யாரிடமும் விடவில்லை.

மஞ்சள் வெட்டி முடித்த காட்டில் மைதானம் போட்டோம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். நம் கணக்கில் இருபது சென்ட். எல்லைக்குச் சுண்ணாம்புக் கோடு. சுற்றிலும் ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று எட்டு எழுத்துகள். பழைய எண்ணெய் டின்களில் எழுதி வைத்தோம். "ஏ-க்கு அப்புறம் கே-யா? இங்கிலீஸே தெரியாத எனக்கே இது தப்புன்னு தெரியுது" என்று என் மாமியார் சிரித்தார். நடுவில் எக்ஸ் என்றொரு இடம் உண்டு, அதற்கு டின் கிடையாது. வெறும் கண் மதிப்பில் அங்கே வந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளியின் டெஸ்டில் ஒருவர் வெளியே நின்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படித்துச் சொல்லலாம். பத்தாவதோடு நின்ற நான் அந்த ஒரு பக்க இங்கிலீஷை மனப்பாடம் செய்தேன். சித்திரை வெயிலுக்குப் பயந்து விடிகாலை ஐந்தரைக்கே காட்டில் நின்று நான் கத்துவதைப் பார்த்துத் தண்ணீர் கட்ட வந்தவர்களெல்லாம் சிரித்திருக்கிறார்கள்.

2024 ஜூனில் மினி லாரியில் கோவைக்குக் கொண்டுபோனோம். பாதி டெஸ்டில் பக்கத்துக் கோயிலில் மேளம் ஆரம்பித்தது பாருங்கள்! எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செவலை தலையைத் தூக்கியது. மூன்று தப்படி பழைய ஆட்டம். மகள் இழுக்கவில்லை. கடிவாளத்தைக் கொஞ்சம் விட்டு, கழுத்தைத் தடவினாள். தலை இறங்கியது. அடுத்த எழுத்தை நான் சொன்னேன், நடந்தது.

அந்த இடத்துக்குப் பத்துக்கு நாலு. வட்டத்துக்கு ஐந்து, "முட்டை வடிவம்" என்று குறிப்பு. கடைசி நடைக்கு ஏழு, "குதிரை ஓட்டுபவரை நம்புகிறது" என்று எழுதியிருந்தார் நடுவர். மொத்தம் 58 சதவீதம். பரிசெல்லாம் இல்லை.

ஆடி வந்தது. என் வீட்டுக்காரர் அந்தியூருக்குத் தனியாகவே போய், செவலைக்குப் புது நெற்றிப்பட்டை ஒன்று வாங்கி வந்தார். விற்கும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. இப்போது காட்டு நடுவே முளை அடித்து, பத்து மீட்டர் கயிறு கட்டிச் சுண்ணாம்பில் சரியான வட்டம் போட்டிருக்கிறோம். தினமும் காலையில் என் மாமியார் வரப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, முட்டை போடாம ஓட்டு" என்கிறார்.