ஏற்றுக்கொண்டால் போதுமா? பென்டகனும் தணிக்கைச் சிபாரிசுகளும்

ஜப்பானியத் துறைமுகங்களைத் தளமாகக் கொண்டு இயங்கும் அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மாலுமிகளுக்குத் தனியாகப் பயிற்சிக் காலம் என்று ஒன்று ஒதுக்கப்படுவதில்லை என்றும், ஓய்வொழிச்சலின்றிக் கடற்பணியில் ஈடுபடுத்தப்படும் அக்கப்பல்களின் தகுதி நாளடைவில் குன்றிவிடும் என்றும், அமெரிக்க அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2015 மே மாதம் வெளியிட்ட ஓர் அறிக்கையில் எச்சரித்தது. வெளிநாட்டுத் துறைமுகங்களில் நிறுத்தப்பட்ட கப்பல்களின் தொகை 2006இல் 20ஆக இருந்து 40ஆகப் பெருகிவிட்ட அந்நேரத்தில், கப்பலும் மாலுமியும் தாங்கக்கூடிய பணி அட்டவணை ஒன்றை வகுக்க வேண்டும், இந்த ஏற்பாட்டால் விளையக்கூடிய அபாயங்களை முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. பென்டகன் எனப்படும் பாதுகாப்பு இலாகா மறுப்பேதும் சொல்லவில்லை. சிபாரிசுகளை ஏற்பதாகவே எழுத்து மூலம் பதில் தந்தது.

இரண்டாண்டுகள் சென்றன. 2017 ஜூன் 17ஆம் தேதி ஜப்பான் கரைக்கு அப்பால் ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்னும் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 7 மாலுமிகள் மாண்டனர். ஆகஸ்டு 21ஆம் தேதி சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி மேலும் 10 பேர் உயிரிழந்தனர். இரண்டும் ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்தைச் சேர்ந்தவை. ஜப்பானில் நிலைகொண்ட குரூஸர், டெஸ்ட்ராயர் வகைக் கப்பல்களின் போர்த்தகுதிச் சான்றுகளில் 37 சதவீதம் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காலாவதியாகிக் கிடந்தன என்றும், 2015 அறிக்கையின் காலத்தோடு ஒப்பிட்டால் அது ஐந்து மடங்குக்கு மேற்பட்ட ஏற்றம் என்றும், தணிக்கை அலுவலகம் இரண்டாம் விபத்துக்கு அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் சாட்சியம் அளித்தது. விபத்துக்களுக்குக் கப்பலைச் செலுத்தியவர்களின் பிழைகளை நேரடிக் காரணமாகக் கடற்படையின் விசாரணை சுட்டியது. அப்பிழைகள் வளர இடங்கொடுத்த நிலைமையைத் தணிக்கையாளர்கள் இரண்டாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட சிபாரிசு வேறு, நிறைவேற்றப்பட்ட சிபாரிசு வேறு என்பதும், இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஆண்டுதோறும் அளந்து கொண்டிருப்பவர் இல்லாவிட்டால் தணிக்கை என்பது வெறும் சடங்காகிவிடும் என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும். ஆண்டுக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஓர் இலாகாவில் அந்த அளவைக் காரியம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையே இங்கே விளக்க முற்படுகிறோம்.

தணிக்கை செய்வோர் யார்?

அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் மேல் மூன்று வகைத் தணிக்கைக் கண்கள் உள்ளன. முதலாவது, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுக் கணக்கு அலுவலகம் என்ற பெயரில் தோற்றுவிக்கப்பட்டு, 2004 முதல் அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் என்று வழங்கும் ஜி.ஏ.ஓ. அது ஜனாதிபதியின் கட்டளைக்கு உட்பட்டதன்று, காங்கிரஸின் அங்கம். அதன் தலைவரான கம்ப்ட்ரோலர் ஜெனரல் 15 ஆண்டுப் பதவிக்காலம் உடையவர். ஆட்சிகள் மாறினாலும் அவர் மாறாமல் இருப்பதற்காகவே அத்துணை நீண்ட காலம் வகுக்கப்பட்டது. இரண்டாவது, இலாகாவுக்கு உள்ளேயே இருந்துகொண்டு சுயேச்சையாகச் செயற்படும் இன்ஸ்பெக்டர் ஜெனரல். மூன்றாவது, இலாகாவின் பல்வேறு அங்கங்களின் வரவு செலவு அறிக்கைகளை ஆராய அமர்த்தப்படும் தனியார் கணக்காய்வு நிறுவனங்கள்.

இவர்களுள் நிதிக் கணக்கோடு நில்லாமல், கப்பல் பழுது பார்ப்பது முதல் விமானக் கொள்முதல் வரை நிர்வாகத்தின் சகல கிளைகளையும் ஆராய்ந்து சிபாரிசு வழங்குவதும், அச்சிபாரிசு ஒவ்வொன்றின் கதியையும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் பதிவு செய்து வைப்பதும் ஜி.ஏ.ஓ.வின் வழக்கம்.

ஒரு சிபாரிசின் யாத்திரை

அறிக்கையின் நகல் முதலில் இலாகாவுக்கு அனுப்பப்படுகிறது. வழக்கமாக 30 நாட்களுக்குள் இலாகா ஒவ்வொரு சிபாரிசுக்கும் எதிரே ‘சம்மதம்’, ‘பகுதிச் சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்னும் மூன்றில் ஒன்றைக் குறித்துக் காரணத்தோடு பதில் எழுத வேண்டும். அப்பதில் அறிக்கையின் பின்னிணைப்பாக அச்சேறுகிறது. அறிக்கை வெளியான 180 நாட்களுக்குள், என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது அல்லது எடுக்கப்பட உள்ளது என்பதை இலாகாவின் தலைவர் காங்கிரஸின் உரிய குழுக்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அதன் பிறகே கண்காணிப்புத் தொடங்குகிறது. நிலுவையில் உள்ளது, ஓரளவு நிறைவேறி நிலுவையில் உள்ளது, நிறைவேறி முடிவுற்றது, நிறைவேறாமலே முடிக்கப்பட்டது என்று நான்கு நிலைகளுள் ஒன்றில் ஒவ்வொரு சிபாரிசும் வைக்கப்படுகிறது. இவற்றுள் கடைசி நிலை கவனிக்கத்தக்கது: இலாகா அசைந்து கொடுக்கவில்லை என்பதாலோ, காலமாற்றத்தால் சிபாரிசே பொருளற்றுப் போயிற்று என்பதாலோ அது முடித்து வைக்கப்படுகிறதேயன்றி, குறை தீர்ந்தது என்பதனால் அன்று.

எந்த நிலை என்று தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் இம்முறையின் உயிர்நாடி இருக்கிறது. ‘செய்து முடித்துவிட்டோம்’ என்று இலாகா கடிதம் எழுதுவதனால் மட்டும் ஒரு சிபாரிசு முடிவுறுவதில்லை. புதிதாக வெளியிட்ட ஆணை எங்கே, திருத்திய கைநூல் எங்கே, அந்த ஆணைப்படி நடந்ததற்குச் சான்று எங்கே என்று தணிக்கையாளர் கேட்கிறார். சான்றைப் பரிசீலித்துத் திருப்தி அடைந்த பிறகு அவரே பதிவை மாற்றுகிறார். நான்கு ஆண்டுகளுக்குள் நிறைவேறாத சிபாரிசு பெரும்பாலும் நிறைவேறுவதில்லை என்பது அவ்வலுவலகத்தின் நெடுநாள் அனுபவம். ஆகவே நான்காம் ஆண்டு முடிவில் எத்தனை சதவீதம் நிறைவேறின என்பதையே அளவுகோலாகக் கொள்கிறது. அரசாங்கம் முழுமைக்கும் அதன் இலக்கு 80 சதவீதம். 2024 நிதியாண்டில் எட்டியதோ 70 சதவீதம்.

இத்துடன் 2015 முதல், நிலுவையில் உள்ளவற்றுள் தலையாயவற்றைப் பொறுக்கி எடுத்து, ஆண்டுக்கொரு முறை அந்தந்த இலாகாவின் தலைவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது. நூற்றுக்கணக்கான சிபாரிசுகளின் கூட்டத்தில் முக்கியமானவை மறைந்து போகாதிருக்க இது ஓர் உபாயம்.

காணாமற்போன உதிரிப் பாகங்கள்

பொதுப்பட இவ்வளவு சொன்னாலும், சிபாரிசுகள் எதைப் பற்றியவை என்பதை ஓர் உதாரணத்தால் அறிவதே நலம். எஃப்-35 போர் விமானத்தின் உதிரிப் பாகங்கள் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரு சேமிப்பாக உலகெங்கும் உள்ள ஒப்பந்ததாரர்களின் கிடங்குகளில் இருக்கின்றன. 2018 மே முதல் ஒப்பந்ததாரர்களின் கைவசம் இருந்த 10 லட்சத்துக்கு மேற்பட்ட பாகங்கள், 8.5 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ளவை, காணாமற்போயின என்றும், அவற்றுள் 2 சதவீதத்துக்கும் குறைவானவற்றின் இழப்பையே இலாகாவின் எஃப்-35 திட்ட அலுவலகம் பரிசீலித்திருந்தது என்றும் 2023 மே மாதத்து ஜி.ஏ.ஓ. அறிக்கை கூறிற்று. காரணம் விசித்திரமானது: அப்பாகங்களை அரசாங்கச் சொத்தாகக் கருதிப் பதிவேட்டில் ஏற்றுவதா வேண்டாமா என்பதிலேயே இலாகாவுக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே முடிவான ஏற்பாடு அப்போது இல்லை. எவருடைய பதிவேட்டிலும் ஏறாத பொருள் தொலைந்தால் தொலைந்தது என்று யார் சொல்வது? நான்கு சிபாரிசுகள் செய்யப்பட்டன. நான்கையும் இலாகா ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்ஸன்வில் கடற்படை விமானதளத்தில், கணக்காய்வுக்கு ஆயத்தம் செய்யும்போது, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு கிடங்கு அகப்பட்டது. பல வகை விமானங்களுக்குரிய 12.6 கோடி டாலர் மதிப்புள்ள பாகங்கள் அதில் இருந்தன. கடற்படை 2006இலேயே பணியிலிருந்து நீக்கிவிட்ட எஃப்-14 விமானத்தின் பாகங்களும் அவற்றுள் அடக்கம். அப்பொருள்களைப் பதிவேட்டில் ஏற்றிய சில வாரங்களுக்குள் சுமார் 2 கோடி டாலர் மதிப்புக்கு வேண்டுகோள்கள் வந்தன என்று கடற்படையின் உயரதிகாரி ஒருவரே தெரிவித்தார். பாகம் கிடைக்காமல் பறக்க மாட்டாது நின்ற விமானங்கள் ஒருபுறம், அப்பாகங்களையே யாரும் அறியாமல் பூட்டி வைத்த கிடங்கு மறுபுறம்! கணக்குத் தணிக்கை என்பது குமாஸ்தாக்களின் விவகாரம், போர்த்திறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுவோருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

ஏழு முறை வந்த ஒரே தீர்ப்பு

அமெரிக்க இலாகாக்கள் யாவும் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்ட நிதி அறிக்கைகளைத் தர வேண்டும் என்பது 1990களிலேயே சட்டமாயிற்று. ஆயினும் பாதுகாப்பு இலாகாவின் முதல் முழுத் தணிக்கை 2018 நிதியாண்டில்தான் நிகழ்ந்தது. சுமார் 1,200 தணிக்கையாளர்கள் ஈடுபட்ட அத்தணிக்கையின் முடிவில், போதிய சான்று இல்லாமையால் அபிப்பிராயம் கூற இயலவில்லை என்று எழுதப்பட்டது. 2024 நிதியாண்டு வரை ஏழு முறையும் அதே முடிவுதான். சட்டம் சுட்டும் 24 பெரிய இலாகாக்களுள் குறையற்ற சான்று ஒருமுறையும் பெறாதது இது ஒன்றே. அதன் சொத்து மதிப்போ 4 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

எனினும் இருள் முழுவதும் இருள் அன்று. கடற்போர்ப் படையான மெரீன் கோர், 2023 நிதியாண்டுக் கணக்குக்குக் குறையற்ற சான்று பெற்றதாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. படைப்பிரிவுகளுள் அதுவே முதல். அச்சான்றுக்காகத் தணிக்கையாளர்கள் 70க்கும் மேற்பட்ட இடங்களுக்கு நேரில் சென்று, கட்டடங்களையும் ஆயுதங்களையும் 2.4 கோடி வெடிமருந்துப் பொருள்களையும் பரிசோதித்தனர். ஏட்டில் உள்ளது தரையில் இருக்கிறதா, தரையில் உள்ளது ஏட்டில் இருக்கிறதா என்று இரு வழியாலும் சரிபார்க்கும் அலுப்பூட்டும் வேலை அது. அதைச் செய்து முடிப்பது அசாத்தியம் என்னும் வாதம் அன்றோடு வலுவிழந்தது.

எண்களைப் படிக்கும் முறை

முன்னேற்றத்தை அளக்கும் எண்களை வாசகர்கள் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும். முதலாவதாக, சிபாரிசுகள் எல்லாம் சமமான கனம் உடையவை அல்ல. கைநூலின் ஒரு பத்தியைத் திருத்துவதும் ஒரு சிபாரிசுதான். கடற்படையின் பணி அட்டவணை முழுவதையும் மாற்றியமைப்பதும் ஒரு சிபாரிசுதான். சிறியவற்றை விரைவில் முடித்துச் சதவீதத்தை உயர்த்திக் கொண்டு பெரியதை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடுவது எந்த இலாகாவுக்கும் எளிது.

இரண்டாவதாக, நிதித் தணிக்கையில் சுட்டப்படும் குறைகளின் எண்ணிக்கை கூடுவது எப்பொழுதும் சீர்கேட்டின் அடையாளம் ஆகாது. 2018இல் 20ஆக இருந்த பாதுகாப்பு இலாகாவின் பெருங்குறைகள் 2024இல் 28ஆக இருந்தன. முதலாண்டில் எட்டிப் பார்க்காத மூலைகளைப் பின்னர் எட்டிப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம். மூன்றாவதாக, இராணுவ இரகசியம் சார்ந்த அறிக்கைகளின் சிபாரிசுகள் பொதுப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. ஆகையால் வெளியே தெரிவது முழுச் சித்திரமாகாது.

கட்டாயப்படுத்தும் அதிகாரம் எங்கே?

ஜி.ஏ.ஓ.வுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. எடுத்துரைக்கலாம், நினைவூட்டலாம், பகிரங்கப்படுத்தலாம். ஆணையிடும் வலிமை நிதியை ஒதுக்கும் காங்கிரஸிடம் உள்ளது. 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், ஓராண்டுக்கு மேல் நிறைவேறாமல் உள்ள பகிரங்கச் சிபாரிசுகளை ஒவ்வோர் இலாகாவும் தன் ஆண்டு நிதிக் கோரிக்கையோடு சேர்த்தே பட்டியலிட்டுக் காரணம் கூற வேண்டும் என்று விதித்தது. கப்பல் விபத்துக்களுக்குப் பின் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டம், ஒரு கப்பலைப் 10 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கலாகாது என்று வரையறுத்தது. 2028 டிசம்பர் 31க்குள் குறையற்ற கணக்குச் சான்று பெற்றாக வேண்டும் என்று 2024 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் இலாகாவுக்குக் கெடு வைத்திருக்கிறது.

தொடர்ந்த கண்காணிப்பு பலன் தரும் என்பதற்கும் சான்று உண்டு. பெருத்த நஷ்டத்துக்கும் முறைகேட்டுக்கும் இடமுள்ள துறைகளை ஜி.ஏ.ஓ. 1990 முதல் ‘பேரபாயப் பட்டியல்’ ஒன்றில் குறித்து வருகிறது. அதிலிருந்து நீங்க, தலைமையின் உறுதி, போதிய ஆளும் பொருளும், செயல்திட்டம், கண்காணிப்பு, நிரூபிக்கப்பட்ட முன்னேற்றம் என்னும் ஐந்தும் வேண்டும். முதற்பட்டியலிலேயே இடம்பெற்ற இலாகாவின் பொருள் வழங்கல் நிர்வாகம் 29 ஆண்டுகளுக்குப் பின் 2019இல் அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதே 1990இல் சேர்ந்த ஆயுதக் கொள்முதலோ இன்னும் பட்டியலில் இருக்கிறது. 1995இல் சேர்ந்த நிதி நிர்வாகமும் அவ்வாறே.

ஆகவே ஓர் இலாகா தணிக்கைச் சிபாரிசுகளை ‘ஏற்றுக்கொண்டது’ என்று செய்தி வரும்போது, அதைக் காரியத்தின் தொடக்கமாகக் கொள்வதே முறை. எத்தனை சிபாரிசுகள், எந்தெந்தக் கனமுடையவை, எத்தனை ஆண்டு நிலுவை, நிறைவேறியது என்று தீர்ப்புச் சொன்னவர் இலாகாவா, தணிக்கையாளரா என்னும் நான்கு கேள்விகளை வாசகர்கள் தவறாமல் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை தராத முன்னேற்ற அறிக்கை எதுவாயினும் அதை முன்னேற்றம் என்று நம்புவதற்கு நியாயமில்லை.