சுவரிலிருந்து இறங்கிய ஏணி

கோவை சிங்காநல்லூரில் மில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் திண்ணை. மாலை ஐந்தரை. பள்ளி முடிந்தபின் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மும்முரமாக நடந்த 2022-ல் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் அடுத்த வீதிக்காரர், பிள்ளைகளுக்கு அக்கா. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

"இரு கண்ணு, வந்தர்றேன்" என்று கைபேசியோடு எழுந்தார் அக்கா. வருகைப்பதிவு ஏறவில்லை. வீதிமுனை வரை நடந்து, சிக்னல் பிடித்து, பதிவேற்றித் திரும்பியபோது பையன் பக்கத்து நோட்டைப் பார்த்து விடையை எழுதிவிட்டான்.

"தினமும் இப்படித்தானுங்களா?"

"ஏறலீன்னா நான் வகுப்பே எடுக்கலைன்னு ஆயிருமுங்க." மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இந்த நடையும் சேர்த்தி.

பதிவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது யாருக்காக என்பதுதான் என் உறுத்தல். ஆந்திராவின் ரிஷிவேலியில் முளைத்த முறையைத் தழுவி, 2003-ல் 13 சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் பதிவு இருந்தது. ஆனால் பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் கற்றல் ஏணி சுவரில் இருந்தது. பிள்ளையே எழுந்து போய்ப் படியைப் பார்க்கும், அந்தப் படிக்கான அட்டையை எடுக்கும், பாயில் வந்து உட்காரும். அந்த அட்டைகளோடு பாடுபட்ட ஆசிரியை ஒருவர், ஓய்வுபெற்று ஒண்டிப்புதூர்ப் பக்கம் இருக்கிறார். "அட்டை கிழியும், தொலையும், ரோதனைதானுங்க. ஆனா 'டீச்சர், நான் ஏறிட்டேன்'னு ஓடியாருவாங்க பாருங்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என அழகான பெயர்கள். பாடல், பொம்மை, செயல்பாடு எல்லாம் அருமை. மதிப்பீடு மட்டும் ஆசிரியரின் கைபேசிச் செயலிக்குப் போனது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி விடை வாங்க வேண்டியிருந்தது. அதுவரை மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதைப் பள்ளிக்கூடம் போன எவரும் ஊகிக்கலாம். எந்த ஊர்ப் பிள்ளை எதில் பின்தங்குகிறது என்று உடனே தெரிவது இதனால்தான் என்பார்கள். சரி, மேலே இருப்பவருக்குத் தெரிகிறது.

அன்று திண்ணையிலிருந்து கிளம்பும்போது அந்தக் கழித்தல் பையனிடம் கேட்டேன்: "நீ மொட்டா, மலரா சாமி?"

"டீச்சர் போன்ல இருக்குதுங்" என்றான்.